கருங்கல்காரன் வேசம்

இல்ல தம்பி, நான் கேக்கது என்னன்னா, பாஷ சொல்லிக்குடுக்க வந்தவன, நீரு இங்க நிக்க வேண்டாம், வீட்டுக்குப் போம்னு நாலுபேரு முன்னால வச்சு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்? நேத்து சாயங்காலம் போகச் சொன்னாரு உங்க டைரக்டரு. இன்னைக்கு காலம்பற பாத்தா வாசல்ல வண்டி நிக்கு. போன்னா போறதுக்கும் வான்னா வாறதுக்கும் நான் என்ன ஷூட்டிங்குக்கு கொண்டுவந்த ஆட்டுக்குட்டியா? ஒரு காரணம் சொல்லாண்டாமா?... நான் முன்சீட்டுல இருக்கதுல ஒனக்கு ஒண்ணும் இல்லல்லா? பின்னால இருந்தா எனக்குப் பேச்சு வராது. அந்த ஏசிய அணை மக்கா. கண்ணாடிய எறக்கு. ஆங்... இது கொள்ளாம்.

நீ மெட்ராசா?... திருவள்ளூரா. செரி, நமக்கு எல்லாம் ஒண்ணுதான். நான் ஒண்ணு கேப்பேன், உள்ளதச் சொல்லணும். வண்டிய எடுக்கச் சொல்லும்போ டைரக்டருக்க மூஞ்சி எப்பிடி இருந்து? கடுகடுன்னு இருந்தா, இல்ல சாதாரணமா?... பாக்கலியா? ஒரு மனுசன் முகத்த பாக்காம எப்பிடிடே சோலி செய்யுக? சவத்த விடு. நேரா போ. தக்கலையில திரும்பாண்டாம், நான் சொல்லுகேன்.

ஓரக்கண்ணால பாக்கியே, எங்கயோ பாத்த மூஞ்சி மாதிரி இருக்குன்னுதானே? எல்லாரும் அதத்தான் சொல்லுவாவ. பேரு மட்டும் ஒருத்தனுக்கும் தெரியாது. கிருஷ்ணமணி. கருங்கல் கிருஷ்ணமணி. நாப்பது வருசம், நூத்திப் பன்னெண்டு படம். சிரிக்காத. எண்ணி நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நீ பாத்த படத்துல எல்லாம் நான் இருந்திருப்பேன், ஒனக்குத் தெரியாது. ஈரோ அழுதுட்டு வந்து ஒரு சாயா குடிப்பாம்லா? அந்த சாயாவ ஆத்துனது நானாக்கும்.

அது என்ன கதன்னா... ஏ, பஸ்ஸுக்கு எடம் விடு, அவன் விடமாட்டான். அது என்ன கதன்னா, தமிழ்ப்படத்துல நான் நாயரு. சாயாக்கட நாயரு. கைலியும் பனியனும் நெத்தியில சந்தனமும். "எந்தா சாரே"ன்னு ஒரு பேச்சு. அவ்வளவுதான், ஷாட் ஓக்கே. அம்பது படம் தம்பி! அம்பது படத்துல சாயா ஆத்தி ஆத்தி எனக்கு வலது தோளு எறங்கிப்போச்சு. வீட்டுல எனக்க பொண்டாட்டி முத்துக்கனி சாயா தந்தா, சூடு ஆறுத வரைக்கும் பாத்துட்டே இருப்பேனே தவிர ஆத்தமாட்டேன். செய்யமாட்டேன்!

செரி, மலையாளப் படத்துக்குப் போவோம்னா, அங்க என்னைய நாயரா போடுவானா? அவனுவளுக்குத்தான் ஊரு நெறைய நாயரு இருக்காவளே. அங்க நான் பாண்டி. தமிழனாக்கும். லாரி ஓட்டுத தமிழன், வட்டிக்கு விடுத தமிழன், கத்திக்கு சாண பிடிக்க வாற தமிழன், ஈரோக்க கையில அடி வாங்குத தமிழன். மீசைய இந்தா இத்தறத்துக்கு ஒட்டி, நெத்தி நெறைய திருநீறு பூசி, "ஏய்ய்... யாருக்கிட்ட!"ன்னு ஒரு சத்தம். பொறவு அடி. அறுவத்திரெண்டு படம். அதுல நாப்பத்தியொண்ணுல எனக்குப் பேரு பழனிச்சாமி. வேற பேரே கெடையாதாடே தமிழ்நாட்டுல? நான் ஒரு டைரக்டருட்ட கேட்டும்போட்டேன். சாரே, இந்தத் தடவ ஒரு மாத்தத்துக்கு சுடலமுத்துன்னு வச்சா என்னன்னு. அந்த ஆளு ரொம்ப நேரம் ரோசிச்சாரு. ரோசிச்சுட்டு சொல்லுகாரு, வேண்டாம் கிருஷ்ணமணி, ஆளுவளுக்கு தமிழன்னு மனசிலாவாது.

இதுல ஒரு நாளு பாரு, காலம்பற திருவனந்தபுரத்துல பழனிச்சாமியா அடிவாங்கிட்டு, ராத்திரி ரயிலப் புடிச்சு, மறுநா மெட்ராசுல நாயரா எறங்குகேன். மீசைய எடுக்க மறந்துபோச்சு! ஒட்டுமீசையோட தூங்கியிருக்கேன். அங்க மேனேசரு என்னையப் பாத்துட்டு அசிஸ்டெண்டுட்ட கேக்கான், "நாயர் எங்கப்பா? ரவுடிய யாரு வரச் சொன்னது?" அதக்கூட விடு. எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சு, சாப்பாடு வேணுமான்னு கைய வாயில கொண்டுபோய் காட்டுகான். நானும் பசியில தலைய ஆட்டிட்டேன்.

நீ சிரி. நல்லா சிரி. ஆனா ஒண்ணு ரோசிச்சுப் பாரு. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் போனா நான் பாண்டி. ஆரல்வாமொழி தாண்டி வடக்க போனா நான் மலையாளி. ரெண்டுக்கும் எடையில கெடக்கு பாரு ஒரு அம்பது கிலோமீட்டரு, அதுக்குள்ள மட்டுந்தான் நான் கிருஷ்ணமணி. அந்த அம்பது கிலோமீட்டருல வச்சு ஒருத்தனும் படம் எடுக்கல்ல. எடுத்தாலும் கடலையும் கரண்டு எடுக்குத காத்தாடியையும் புடிச்சுட்டு பாட்டுக்கு ஆடிட்டுப் போயிருவானுவ.

அப்பம்தான் தம்பி உங்க டைரக்டரு வந்தாரு. போன தை மாசம். கருங்கல் சந்தையில வாழக்குல யாவாரம் பண்ணுத ஒரு ஆளு, அவருக்க மகளுக்க கல்யாணம் முடங்கிப்போகு, அந்த மனுசன் மறுநாளு எப்பிடி சந்தைக்குப் போவாருன்னு கத. அவருதான் ஈரோ மாதிரி. வயசு அறுவத்தஞ்சு. எனக்கு அறுவத்தாறு! கருங்கல்காரன் வேசம், கருங்கல் பேச்சு. வீட்டுக்குள்ள வந்து உக்காந்து இதச் சொல்லிட்டு, நீங்கதான் பண்ணணும் அண்ணாச்சின்னு சொல்லுகாரு. முத்துக்கனி மரச்சீனி அவிச்சு சாளமீன் கறி வச்சா. மனுசன் மூணு தட்டு சாப்ட்டாரு. எனக்கு சந்தோசத்துல ஒரு வாய் எறங்கல்ல. நாப்பது வருசம்டே! எனக்க வாயால எனக்க பேச்ச ஒரு தடவ பேசிட்டு செத்தா போதும்னு இருந்தவன் நான்.

சாப்ட்டு முடிச்சுட்டு அவரு ஒரு சின்ன கேமராவ ஸ்டாண்டுல வச்சாரு. ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா வீட்டுல பேசுத மாதிரி நாலு வார்த்த பேசுங்கன்னாரு.

...லெஃப்டுல ஒடி. ஆங், இப்பிடியே போ.

என்னத்த சொல்ல. வாயத் தொறந்தேன், நாயரு வந்தாரு. எந்தா சாரேன்னு வருகு! சாரி சாரி, இன்னொருக்கன்னு சொன்னேன். பழனிச்சாமி வந்தான். கை தானாப் போயி மீசையப் பிடிக்கி. மீசையே இல்ல, வெறும் தோல பிடிச்சு முறுக்குகேன். மூணாமத்த தடவ ஒண்ணுமே வரல. கேமராவப் பாத்துட்டு இருந்தேன். ஊமையன் மாதிரி. அந்த லைட்டு ஒண்ணு செவப்பா எரியும் பாரு, அது எரிஞ்சா நான் வேற ஆளாகணும்னு நாப்பது வருசப் பழக்கம். அது எரியும்போ நானா இருக்கது எப்பிடின்னு எனக்கு ஒருத்தனும் சொல்லித்தரல்ல.

அப்பம் அடுக்களையில இருந்து முத்துக்கனி வெளிய எட்டிப் பாத்து, "இஞ்சேருங்க, என்னத்துக்கு இப்பிடி முழிச்சுட்டு இருக்கிய? வந்த மனுசன் எவ்வளவு நேரந்தான் காத்துட்டு இருப்பாரு? வாயத் தொறந்து என்னமாம் சொல்லுங்களேன்"னு ஒரு சாட்டம். டைரக்டரு சாடி எந்திரிச்சாரு. "இது! இதுதான் வேணும்! அம்மா, நீங்க நடிப்பீங்களா?"ங்காரு. எப்பிடி இருக்கும்? அவளுக்கு ரெண்டு சீன் தம்பி! சந்தையில மொளவும் மல்லியும் வாங்க வாற அம்மா. இன்னைக்கு காலம்பற வேன் வந்து அவளக் கூட்டிட்டுப் போச்சு. எனக்க பொண்டாட்டிய கேமரா முன்னால நிறுத்துனாலும் ஒண்ணு, அடுப்பு முன்னால நிறுத்துனாலும் ஒண்ணு. அவ அவளாத்தான் இருப்பா. படிச்சாளா, பழகுனாளா? ஒண்ணுங் கெடையாது.

வேசம் மகேஷ்குமாருக்குப் போச்சு. தெரியும்லா ஒனக்கு, நேத்துகூட நீதான அவரக் கொண்டுவிட்ட. நல்ல பேருள்ள நடிகன்தான், நான் இல்லன்னு சொல்லல்ல. வயசு நாப்பத்தெட்டு. தலைக்கு வெள்ள அடிச்சு அறுவத்தஞ்சு ஆக்குகாவ. நான் இங்க சும்மாவே வெள்ளயா நிக்கேன்! எனக்கு என்ன குடுத்தாவன்னா, அவருக்கு நம்ம பேச்சு சொல்லிக்குடுக்க சோலி. பன்னெண்டு நாளு. எனக்க வீட்டு மாமரத்துக்கு கீழ நாற்காலி போட்டு.

அந்த ஆளு முத நாளே ஒரு நாப்பது பக்கத்து நோட்டோட வந்தாரு. என்னைய "ஆசானே"ன்னு விளிச்சாரு. அண்ணேன்னா போதும்னு சொன்னேன். கேக்கல்ல. சொல்லித்தாற ஆளு ஆசான்தானேன்னு சொல்லுகாரு. எனக்கு அது வல்லாத்த கடுப்பு. நல்ல மனுசன்மேல கடுப்பு வந்தா அது போகவே போகாது தம்பி, கெட்டவன்னா ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுரலாம்.

...என்ன? நேத்து சந்தையில என்ன நடந்துன்னா? நீ வண்டிக்குள்ள தூங்கிட்டு கெடந்தியா? நல்ல ஆளு.

நேத்து முத ஷாட்டு. நெசமான சந்தை, நெசமான யாவாரிமாரு நிக்காவ. அந்த மனுசன் மகளுக்க கல்யாணம் முடங்கின மறுநா சந்தைக்கு வாறாரு. எல்லாரும் அவரப் பாத்துட்டு பேசாம நிக்காவ. அவரு சொல்லணும், "எனக்க பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. நீ குலைய எறக்குலே"ன்னு. அவ்வளவுதான். அழப்புடாது.

மகேஷ்குமாரு வாறாரு. தோளுல துண்டு. நடை நல்ல நடை, அதுல கொற சொல்ல ஏலாது. வாயத் தொறந்து, "என்டே மோளுக்கு..."ன்னு தலைய இப்பிடி ஆட்டி ஒரு இழு இழுத்தாரு. பொறவு மீசையப் பிடிச்சு முறுக்கி, "ஏய்ய்... எறக்குடா கொலைய!"ன்னு ஒரு சத்தம். சந்தை சிரிச்சுச்சு பாரு! குலைய தலையில வச்சிருந்த ஒருத்தன் குலையோட கீழ உக்காந்துட்டான். இன்னொருத்தன் கேக்கான், "இது யாருடே, சாயாக்கட போட வந்தாரா, சண்ட போட வந்தாரா?"ன்னு.

டைரக்டருக்கு மொகம் செவந்துபோச்சு. என்னையப் பாத்தாரு. பாக்கும்போ நான்... நானும் சிரிச்சுட்டு நிக்கேன். எல்லாரையும் விட சத்தமா நாந்தான் சிரிச்சிருக்கேன். வயித்தப் பிடிச்சுட்டு. சொல்லிக்குடுத்த ஆளே சிரிச்சா என்ன சார் அர்த்தம், வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டாரு. அதுக்குத்தான் இந்தப் பெகளம். சிரிச்சது ஒரு குத்தமா? சிரிப்பு வந்தா சிரிக்காண்டாமா?

எப்பிடி அவருக்கு அந்தப் பேச்சு வந்துன்னு என்னைய எதுக்குக் கேக்க? நீ வண்டிய ஓட்டு. ரோட்டப் பாத்து ஓட்டு.

...

இந்தா தோவாள வந்தாச்சு. பிச்சிப்பூ வாசம் அடிக்கா? இனி கொஞ்சம்தான். தம்பி, இப்பம் சொல்லு, டைரக்டரு கோவத்துலதான் இருக்காரு, அப்பிடித்தானே? அவருட்ட முத்துக்கனி என்னமாம் சொன்னாளா? அவ காலம்பறயே வேன்ல வந்துட்டால்லா. நேத்து ராத்திரியில இருந்து அவ எங்கிட்ட மிண்டல்ல, ஒரு பேச்சு இல்ல. சோத்தப் போட்டா, கறிய ஊத்தல்ல. கறி எங்கன்னு கேட்டேன். "நீங்க அந்த மனுசனுக்கு செஞ்ச சோலிக்கு வெறுஞ்சோறே கூடுதல்"ன்னா. சந்தையில அவரு பேசினத அவ ஒரு தடவதான் காதால கேட்டா, அந்த இழுப்பும் அந்த மீசயும் யாருக்கதுன்னு அவளுக்குத் தெரியாதா? நூத்திப் பன்னெண்டு படமும் எங்கூட உக்காந்து பாத்தவளாக்கும்.

என்னது?... டைரக்டரு வண்டி அனுப்பல்லியா? பொறவு யாரு?... மகேஷ்குமாரா?

எதுக்கு?... இன்னும் சொல்லிக்குடுக்கணுமா? காலம்பற அஞ்சு மணியில இருந்தா? மொட்டமாடியிலயா? அந்தக் காத்துலயா? எதத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருக்காரு, அதே டயலாக்கா? அதே மாதிரி இழுத்தா?... நோட்டப் பாத்தா!

வண்டிய ஓரமா நிறுத்து. நிறுத்துடே.

...இல்ல, தண்ணி வேண்டாம். கேளு. நீயாவது கேளு. நேத்து டைரக்டரு எல்லாரு முன்னாலயும் அவருட்ட கேட்டாரு, ஒனக்கு இதத்தான் அந்த ஆளு சொல்லிக்குடுத்தாரான்னு. அப்பம் அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? "ஆசான் செரியாத்தான் சொல்லித்தந்தாரு. எனக்குத்தான் நாக்குல நிக்கல. அவர ஒண்ணும் சொல்லாதீங்க"ன்னாரு. நான் பத்தடி தள்ளி நிக்கேன். எங்காதுல கேக்கு. கேட்டுட்டும் மிண்டாம நின்னேன்.

நாந்தாண்டே சொல்லிக்குடுத்தேன். வேணும்னே. பன்னெண்டு நாளு, மாமரத்துக்கு கீழ, நாற்காலி போட்டு. சந்தோசம்னா நாயரு மாதிரி, கோவம்னா பழனிச்சாமி மாதிரி. கருங்கல்ல எல்லாரும் இப்பிடித்தான் பேசுவாவன்னு சொன்னேன். தலைய எவ்வளவு சரிக்கணும்னு அந்த ஆளு படம்வரஞ்சு வச்சிருக்காரு! எனக்க கணக்கு என்னன்னா, முத நாளு கேமரா முன்னால அவரு சொதப்புவாரு, எல்லாரும் சிரிப்பாவ, டைரக்டரு தலையில கைய வச்சுட்டு சுத்திப் பாப்பாரு, நான் அங்கின நிப்பேன். அதுக்குன்னே நேத்து வெள்ளனே குளிச்சு, கோடி வேட்டி கெட்டி, தோளுல யாவாரி மாதிரி துண்டும் போட்டுட்டுப் போனேன். நீங்க வாங்க அண்ணாச்சின்னு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு. வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாரு. சொல்லாம என்ன செய்வாரு? அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சா நான் மட்டும் என்னத்த பேசியிருப்பேன்? அதே நாயருதான் வந்திருப்பான். எங்கிட்ட இருந்ததே அந்த ரெண்டுபேருதான். அந்த ரெண்டுபேரையும் அந்தப் பாவம் பிடிச்ச மனுசன் தலையில கெட்டிவிட்டுட்டேன். நாணக்கேடு, கேட்டியா. நாணக்கேடு.

டைரக்டரு அறிஞ்சா இந்தச் சோலியும் போயிரும். படத்துக்குள்ளயே நான் இருக்கமாட்டேன். போட்டு. நூத்திப் பன்னெண்டு படமே போதும் எனக்கு.

எடு வண்டிய.

...ஏ, சிரிக்கியா? என்னத்துக்குடே சிரிக்க? என்ன கேக்க?... நான் இவ்வளவு நேரம் பேசிட்டு வாறது என்ன பாஷன்னா?

இது... இது வந்து... நான் இப்பம் பேசுததா? இது பாஷ எல்லாம் இல்ல மக்கா. இது சும்மா பேசுதது. கருங்கல்ல இருந்து இங்க வரைக்கும் இப்பிடியா பேசிட்டு வந்தேன்? நாயரு இடையில வரல்லியா? ஒரு தடவ கூடயா?... ஓ. நடுவுல எந்தா சாரேன்னதா? அது நான் நடிச்சுக் காட்டுனது, அது கணக்குல இல்ல. எட்டி முத்துக்கனி! நீ என்னைய அடுக்களையில இருந்து சாடுனது செரிதாண்டி.

உங்க ஆளுவ தங்கியிருக்கது வலது பக்கம் அந்த மஞ்ச வீடுதானே? காத்தப் பாரு, கதவத் தொறக்க விடமாட்டங்கு. பிடி, பிடி. நீ எங்க போற? சாயாவா? நில்லுடே, எங்கூட உள்ள வா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு... போயிட்டான். பாதியில போயிட்டான் பாத்தியா.

ஓ... நீங்க வெளிய வந்தாச்சா. நோட்ட எடுத்துட்டா வாறிய?... இல்ல, நான் சாப்ட்டுட்டேன். ஆசானேன்னு விளிக்காதிய. இப்பிடி இந்தப் படியில இருங்க. எனக்க பக்கத்துல இரி மகேசு. சாருன்னு விளிச்சா எனக்கு இது வெளிய வராது.

அந்த நோட்ட இப்பிடித் தா. இதுல நீ எழுதி வச்சிருக்கியே, இந்த இழுப்பு, இந்த மீச, இந்தத் தலையாட்டு, படமெல்லாம் போட்டு... இந்தமாதிரி எங்க ஊருல ஒருத்தனும் பேசமாட்டான். ஒனக்க நாக்குல ஒரு கொறையும் இல்ல. நான் வேணும்னு செஞ்சேன். அந்த வேசம் எனக்குக் கிட்டல்லியேன்னு, ஒன்ன நாலுபேரு முன்னால சிரிக்க வைக்கணும்னு செஞ்சேன். நேத்து நீ என்னைய விட்டுக்குடுக்காம பேசினப்பவும் நான் வாயத் தொறக்கல்ல. டைரக்டருட்டயும் நானே போய் சொல்லுகேன், அவரு என்ன செஞ்சாலும் செய்யட்டும்.

என்னைய அப்பிடிப் பாக்காத மகேசு. பேசாம மட்டும் இருக்காத. அத எனக்குத் தாங்க ஏலாது. முதல்ல ஒனக்க பாஷையில என்னைய நல்லா ஏசு. ஏசி முடி. பொறவு அதையே எங்க பாஷையில எப்பிடி ஏசணும்னு நான் சொல்லித்தாறேன்.